மண்மணியும் மணித்தியாலமும்



சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. களிமண்ணில் மணி செய்து, சுட்டு, மாலையாகக் கோத்து விற்கலாம் என்கிறார்களே, அதை வீட்டிலிருந்தே செய்யலாமா? பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு செய்யச் சரிவருமா? கையில் காசு மிஞ்சுமா? வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். போருக்குப் பின் இங்கே கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கங்களில் வாடகைக்கு இருந்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரிகளும் நேரிலே கேட்டார்கள்.

செய்யலாம் என்பதே எனது பதில். கண்டியின் ஈரக் காற்றிலும், ஓர் அறை வீட்டிலும், பிள்ளை அழும்போது எழுந்து போக வேண்டிய நிலையிலும் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் இதிலே ஒரு பகுதியை வீட்டில் செய்யலாம். இன்னொரு பகுதியை வீட்டில் செய்யாமலிருப்பதே நல்லது. அத்துடன், எமது நேரத்துக்கு நாமே விலை போடாவிட்டால் எவ்வளவு அழகான மணி செய்தாலும் காசு மிஞ்சாது. இம்மாதம் இவற்றைப் பற்றிக் கதைப்போம்.

மணி எமக்குப் புதிதல்ல

மன்னாரில் திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1980ஆம் ஆண்டில் அங்கே அகழ்வாராய்ச்சி தொடங்கியது. 1984இல் போர்ச் சூழலால் அது இடையில் நின்றுபோய், 2009-2010 காலத்தில்தான் ஆய்வாளர்கள் திரும்பவும் மண்ணைத் தோண்டினார்கள். அந்த மண்ணிலிருந்து கிடைத்தவற்றுள் கண்ணாடி மணிகளும் உண்டு. தமிழ்நாட்டுக் கீழடியில் சுடுமண் மணிகளும் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் கிடைத்துள்ளன. எமது மூதாதையர் மணியைக் கோத்து அணிந்தார்கள், கடல் கடந்து விற்றார்கள் என்பதற்கு இவை சாட்சி. ஆகவே "இதெல்லாம் வெள்ளைக்காரர் விரும்பும் சாமான், எமக்கென்ன தெரியும்?" என்று எவரும் ஒதுங்கத் தேவையில்லை.

இன்னொரு பேச்சையும் நாம் கேட்கின்றோம். மண் வேலை ஒரு குறிப்பிட்ட சாதியின் வேலை, எமக்கு அது எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. சட்டி பானை வனைந்தவர்களின் கையறிவு இல்லாமல் இந்நாட்டில் எவரும் சோறு பொங்கியிருக்க முடியாது. கொழும்பு - கண்டி வீதியில், கேகாலைக்குக் கிட்டிய மொலகொடையில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களிடம் ஒரு நாள் இருந்து பார்த்தால், புத்தகம் சொல்லாத எத்தனையோ விடயங்களைப் படித்துக்கொள்ளலாம்.

நைரோபியில் ஒரு தொடக்கம்

மணி செய்து பெண்கள் பிழைத்ததற்கு நான் நன்கறிந்த உதாரணம் ஆபிரிக்காவில் கென்யா நாட்டில் இருக்கின்றது. 1975ஆம் ஆண்டில் நைரோபி நகரின் கேரன் பகுதியில் சூசன் வூட் என்னும் பெண்மணி, தன் வீட்டு வளவிலே ஒரு சிறிய கொட்டிலில் களிமண் மணி செய்து பார்த்தார். துணைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் பலர் வேலை தேடி அலைவதைக் கண்டபோது இன்னும் பலரைச் சேர்த்தார். அதுவே 'கசூரி' என்ற பெயரில் வளர்ந்து, நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுக்கும் தொழிற்கூடமாயிற்று. சுவாகிலி மொழியில் கசூரி என்றால் சின்னதும் அழகானதும் என்று பொருள். கென்யா மலைப் பக்கத்துக் களியை உருட்டி, துளையிட்டு, சுட்டு, கையால் நிறந்தீட்டி, மறுபடியும் சுட்டு எடுக்கின்றார்கள்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அப்பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் குசினியில் தனியே சூளை வைக்கவில்லை. களியும் சூளையும் விற்பனையும் ஓர் இடத்தில் பொதுவாக இருந்தன. வேலைக்குச் சம்பளம் இருந்தது. எமக்கு அப்படியொரு தொழிற்கூடம் இல்லாதிருக்கலாம். ஆனால் அதைச் சிறிய அளவில் நாமே அமைக்க முடியுமா என்று யோசிக்கலாம்.

களி, உருண்டை, துளை

களி எங்கே எடுப்பது? வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை மட்டும் தோண்டாதீர்கள். கண்டி மாவட்டத்தின் சரிவு நிலம் எப்படிப்பட்டது என்பதை 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை எமக்குக் காட்டிவிட்டது. மண்பாண்டம் செய்பவரிடமோ ஓடு, செங்கல் செய்பவரிடமோ பத்துக் கிலோ களியை விலைக்கு வாங்கினால் பல மாதங்களுக்குப் போதும்.

வாங்கிய களியைக் காயவிட்டு, உடைத்து, வாளியில் இரண்டு மூன்று நாட்கள் ஊறவிடுங்கள். நன்றாகக் கரைந்ததும் பழைய நுளம்புவலைத் துணியில் வடியுங்கள். கல்லும் வேரும் துணியில் தங்கிவிடும். வடித்த குழம்பைத் தடித்த துணியில் கட்டி நீர் வடியத் தொங்கவிட்டு, ரொட்டி மாப் பதத்துக்கு வந்ததும் பிசையுங்கள். உள்ளே காற்று நிற்காதபடி அடித்துப் பிசைய வேண்டும். பிசைந்ததைப் பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது. இந்த வேலை எமக்கு வசதியாவதற்குக் காரணமே இதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் களியை மூடிவைத்துவிட்டுப் போகலாம். மூன்றாம் நாள் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரே அளவில் மணி வேண்டுமென்றால் கண்மதிப்பில் கிள்ளாதீர்கள். களியை ஒரே தடிப்பான திரியாக உருட்டி, அடிமட்டத்தை வைத்துச் சமதுண்டுகளாக வெட்டி, பிறகு உள்ளங்கையில் உருட்டுங்கள். ஈரத்தில் 12 மில்லிமீற்றர் இருக்கும் மணி, காய்ந்து சுட்டபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கி 11 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகையால் துளையையும் நூலைவிடச் சற்றுப் பெரிதாகவே இட வேண்டும்.

உருட்டிய உடனே குத்தினால் மணி நசியும். ஒரு மணித்தியாலம் விட்டு, விரல் அடையாளம் பதியாத பதத்தில் சைக்கிள் கம்பியால் குத்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து மீதி என்று குத்தினால் ஓரம் பிய்யாது. ஈர்க்கில் கோத்து அப்படியே காயவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. களி சுருங்கும், ஈர்க்குச் சுருங்காது. மணியில் வெடிப்பு விழும். அதனால் துளையிட்டதும் கம்பியை எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த மணியைக் கரண்டியின் முதுகாலோ வழுவழுப்பான கூழாங்கல்லாலோ தேய்த்தால், பூச்சு எதுவும் இல்லாமலே மெல்லிய மினுக்கம் வரும்.

காய்வதற்கு அவசரப்படக்கூடாது

கண்டியில் மழைக்காலத்தில் துணியே இரண்டு நாளாகியும் காயாது. மணிக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். சுளகில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, காற்றுப் படும் நிழலில் வைத்து, நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். நேரே வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கின்றது என்று அர்த்தம்.

நெருப்பு

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் இடையிலே நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். சுடுவது அப்படியல்ல. நெருப்பு வைத்த பிறகு பிள்ளை அழுகிறது, மாமி கூப்பிடுகிறார் என்று விட்டுவிட்டுப் போக முடியாது.

மணிக்குள் மிஞ்சிய ஈரம் 100 பாகை செல்சியசில் நீராவியாகின்றது. ஆகவே தொடக்கத்தில் சூடு மிக மெதுவாக ஏற வேண்டும். அதற்கு மேலே களியின் உள்ளேயே சேர்ந்திருக்கும் நீர் வெளியேறும். 573 பாகையில் களியிலுள்ள படிகக்கல் தூள் சட்டென்று பருத்துக்கொள்ளும். ஆறும்போது அதே இடத்தில் திரும்பச் சுருங்கும். அவசரப்பட்டு ஆறவைத்தால் நல்ல மணியும் பிளப்பது இதனால்தான். மாலைக் கருக்கலில் பார்க்கும்போது மணிகள் மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தால் 600 பாகையைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அதன் பின் களி மீண்டும் தண்ணீரில் கரையாது.

சூளை இல்லாதவர்கள், காய்ந்த மணிகளை மூடியுள்ள மண்சட்டியில் மரத்தூளோடு அடுக்கி, திறந்த வெளியில் செங்கல் கூட்டுக்குள் வைத்து, சுற்றிலும் சிரட்டையும் பொச்சுமட்டையும் போட்டு எரித்துச் சுடலாம். காற்று நன்றாகப் பட்டால் சிவப்பும், மரத்தூள் புகைக்குள் மூடியிருந்தால் கருமையும் வரும். எரிந்து முடிந்த பிறகு மறுநாள் காலைவரை திறக்கக் கூடாது. சுட்ட மணி ஒன்றை இரவு முழுதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் குழைந்திருந்தால் சூடு போதவில்லை.

கடைகளில் காணும் வெள்ளை வெளேரென்ற பீங்கான் மணிக்கு இந்த நெருப்புக் காணாது. அதற்கு மீட்டியாகொடை, பொரலஸ்கமுவ ஆகிய இடங்களின் வெண்களி, மாத்தளை ஓவலையின் பெல்ட்ஸ்பார் கல் போன்றவை வேண்டும். சூடும் 1200, 1300 பாகைக்குப் போக வேண்டும். அது தொழிற்சாலையின் வேலை. நாம் சிவப்பு மணியிலும் கறுப்பு மணியிலும் தொடங்குவோம்.

இங்கே ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஈரம் மிஞ்சிய மணி நெருப்பில் 'பட்' என்று வெடிக்கும். பெரிய சத்தமல்ல. ஆனால் செல்லடிக்குள் பங்கருக்குள் இருந்து வந்த எம்மவர் சிலருக்கு அந்தச் சத்தமும் புகை மணமும் போதும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரவில் நித்திரை வராது. இது பலவீனமல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிய பழக்கம் அது. உங்களுக்கு அப்படி நேருமானால் சுடும் வேலையை எடுக்காதீர்கள். உருட்டுவதும் தேய்ப்பதும் கோப்பதும் சுடுவதற்குக் குறைந்த வேலையல்ல. நெருப்பை இன்னொரு சகோதரி பார்க்கட்டும். நீங்கள் அவரது பங்குக் கோர்வையைச் செய்து கொடுங்கள். கால் இழந்தவர்களும் இருந்தபடியே செய்யக்கூடிய வேலைகள் இவை.

ஆகவே எனது ஆலோசனை இதுதான். உருட்டுவது, காயவைப்பது, கோப்பது ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சுடுவதை ஐந்தாறு பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறையோ இருமுறையோ பொதுவான ஓரிடத்தில் செய்யுங்கள். மண்பாண்டம் செய்யும் குடும்பத்தாரின் சூளையில் ஒரு மூலை கேட்டாலும் தகும். சூடும் சரியாக இருக்கும். லயன் அறைகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீடுகளிலும் நெருப்பு வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் இழுப்புக்காரக் குழந்தை இருக்கலாம்.

தூசியும் பிள்ளைகளும்

காய்ந்த களித்தூசி நுரையீரலுக்குக் கூடாது. அதிலுள்ள மிக நுண்ணிய படிகக்கல் தூள் உள்ளே போய்த் தங்கினால் திரும்பி வராது. எனவே காய்ந்த மணியை உப்புத்தாளால் உரைஞ்ச வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தே ஒப்பமாக்குங்கள். வேலை முடிந்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைக்கென ஒரு பழைய சட்டையை வைத்திருந்து தனியே தோயுங்கள். சமைக்கும் சட்டி, கரண்டிகளைக் களிக்குப் பயன்படுத்தினால் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

சந்தையில் பெயர் தெரியாத பளபளப்புப் பூச்சு விற்பனைக்கு வரலாம். அதில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. ஈயமில்லை என்று எழுத்தில் இல்லாத பூச்சை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். மினுக்கம் வேண்டுமானால் தேய்த்த மணிமேல் தேன்மெழுகைத் துணியால் பூசுங்கள். சிறு குழந்தை மணியை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். மணிகளை மூடியுள்ள தகரப் பேணியில், கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

"மண் அளைந்துகொண்டிருக்கிறாள்"

பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும். அந்த ஆறு மணித்தியாலத்துக்குள் சமையல், தண்ணீர், துணி, கடை எல்லாம் போக ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் பெரிய காரியம். அந்த நேரத்தில் உருட்டுங்கள், துளையிடுங்கள். பின்னேரம் பிள்ளைகள் வந்த பிறகு புரட்டிவிடுவது, துடைப்பது போன்றவற்றை மட்டும் வையுங்கள். பிள்ளை படிக்கும் மேசையிலேயே இரவு கோர்வை வேலை செய்யலாம். பிள்ளை ஆசைக்கு இரண்டு மணி உருட்டிப் பார்க்கட்டும். ஆனால் ஓடரை முடிக்கப் பிள்ளையின் படிப்பு நேரத்தை எடுக்காதீர்கள்.

ஒரு பலகை, ஒரு தட்டு, ஒரு பேணி. வீட்டில் இவ்வளவுக்கு இடம் ஒதுக்கி, இது என் வேலைக்கான இடம் என்று வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்தத் தட்டில் மருந்துப் போத்தலும் தேங்காயும் வந்து ஏறும். "சும்மாதானே இருக்கிறாய், மண் அளைந்துகொண்டிருக்கிறாய்" என்று யாராவது சொன்னால் சண்டை வேண்டாம். கொப்பியில் எழுதுங்கள். இன்று எத்தனை மணி உருட்டினேன், எவ்வளவு நேரம் சென்றது, எத்தனை உடைந்தது. மாத முடிவில் அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மரியா மீஸ் என்ற ஜேர்மனியச் சமூகவியலாளர் ஆந்திராவின் நரசாப்பூரில், வீட்டிலிருந்து நூல் பின்னல் செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பின்னிய சரிகைப் பின்னல் வெளிநாடுகளுக்குப் போயிற்று. வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் பணம் பார்த்தார்கள். பின்னிய பெண்களின் வேலையோ இல்லத்தரசிகளின் ஓய்வுநேர வேலை என்று கணிக்கப்பட்டதால், கூலி மிகமிகக் குறைவாகவே கிடைத்தது. வீட்டுக்குள் இருந்து செய்வதால் அது வேலையல்ல என்று ஊர் நினைத்தது. பெண்களும் அப்படியே நினைக்கப் பழகிவிட்டனர். இந்த நினைப்பை மாற்ற இந்தியாவில் 1972இல் எலா பட் தொடங்கிய சேவா அமைப்புப் போன்றவை பல ஆண்டுகள் பாடுபட்டன. 1996இல் சர்வதேசத் தொழில் அமைப்பு வீட்டுவழித் தொழிலாளருக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான் என்பதே அதன் சாரம்.

போரால் பாதிக்கப்பட்ட எமக்கு இன்னொரு விதமாகவும் இது நேர்கின்றது. கைவேலை செய்தால் மனம் ஆறும் என்று எம்மிடம் வருபவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கின்றது. கை வேலையில் இருக்கும்போது மனம் கொஞ்சம் ஓய்வது உண்டு. ஆனால் மனம் ஆறுகிறதே என்று கூலியைக் குறைத்துக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கக் கூடாது. அரிசிக் கடைக்காரர் எமது மன ஆறுதலை வாங்கிக்கொண்டு அரிசி தரமாட்டார்.

ஒரு மாலையின் கணக்கு

இப்போது கொப்பியை எடுங்கள். ஒரு கிலோ ஈரக்களியில் 12 மில்லிமீற்றர் மணி ஏறக்குறைய 550 செய்யலாம். உடைவு பத்தில் ஒன்று என்று கழித்தால் 495. கழுத்து மாலை ஒன்றுக்கு 40 மணி என்றால் 12 மாலை. ஆகவே களிக்கான செலவு ஒரு மாலைக்கு மிகச் சொற்பம். செலவு எங்கே என்றால் எமது நேரத்தில்தான்.

உருட்டி, குத்தி, தேய்த்து எடுக்க ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 40 மணிக்கு 80 நிமிடம். கோர்க்க 20 நிமிடம். களி பிசைவது, சுடுவது ஆகியவற்றின் பங்கு 20 நிமிடம். மொத்தம் இரண்டு மணித்தியாலம்.

மணித்தியாலத்துக்கு என்ன கூலி? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அதைக்கூடப் போதாது என்றுதான் எமது மலையகச் சகோதரிகள் போராடினார்கள். அந்தக் கணக்கையே அடிமட்டமாக எடுத்து எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 169 ரூபா வரை வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 340 ரூபா. நூல், கொக்கி, விறகு, பொதி, பஸ் காசு எல்லாம் சேர்த்து 160 ரூபா என்று உதாரணத்துக்கு வைப்போம். அந்த மாலையின் அடக்கம் 500 ரூபா. கடைக்காரர் விலையில் மூன்றிலொரு பங்கை எடுப்பாரானால், கடையில் அது 750 ரூபாவுக்குப் போனால்தான் எமக்கு 500 வரும்.

யாராவது வந்து மொத்தமாக எடுக்கிறேன், 200 ரூபாவுக்குத் தா என்று கேட்டால் என்ன நடக்கும்? 160 ரூபா செலவு போக 40 ரூபா. இரண்டு மணித்தியால உழைப்புக்கு 40 ரூபா. இதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பது வேறு, தெரியாமல் சம்மதிப்பது வேறு. இன்றைய நாட்கூலியையும் உங்கள் ஊர்ச் செலவையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். தொகைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

கடன் எடுத்துச் சூளை வாங்கலாமா?

வேண்டாம் என்பதே எனது திடமான கருத்து. நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வடக்கு கிழக்கில் கண்டோம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே கடன் சுமைக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

மின்சூளை ஒன்று வைத்திருந்தால் வசதிதான். ஆனால் சிறிய சூளை கூட ஒருமுறை சுடுவதற்குப் பத்துப் பதினைந்து அலகு மின்சாரம் எடுக்கக்கூடும். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது வீடுகள் பட்ட பாடு எமக்குத் தெரியும். தவணை கட்டவும் மின்பட்டியல் கட்டவும் மணி உருட்டினால், பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. முதல் ஆறு மாதம் விறகு நெருப்பிலோ இரவல் சூளையிலோ சுட்டு, கொப்பியில் இலாபம் தெரிந்த பிறகு, ஐந்து பேர் சேமித்துப் பொதுவாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கே விற்பது?

கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே, வாவிக்கரையில் 1882இல் தொடங்கிய கண்டிக் கலைச் சங்கத்தின் விற்பனைக்கூடம் உண்டு. அரசின் லக்சல நிலையம் உண்டு. கைப்பணியாளரைப் பதிவு செய்யும் தேசிய அருங்கலைகள் பேரவை உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் யாரைச் சந்திப்பது என்று சொல்வார்கள். தனியே போகத் தயக்கமாயின் இருவராகப் போங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நத்தரம்பொத்தையில் கலாபுரக் கிராமத்தில் பித்தளை, வெள்ளி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மாலைக்கான கொக்கியைப் பற்றி அவர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆடி, ஆவணியில் வரும் எசல பெரஹராக் காலத்தில் கண்டியில் சனம் நிரம்பும், மணி விலைப்படும். ஆனால் வெளிநாட்டுப் பயணிகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020இல் கொரோனா வந்தபோதும், 2022 பொருளாதார நெருக்கடியிலும் அவர்கள் வராமல் போனார்கள். ஊரில் ஓர் ஆசிரியை, வங்கியில் வேலை செய்யும் பிள்ளை, பல்கலைக்கழக மாணவி ஆகியோர் அணியக்கூடிய விலையிலும் நிறத்திலும் காதணி, கைவளை போன்றவற்றையும் செய்யுங்கள். தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து சுடுமண் நகை செய்யும் பெண்கள் பலர் சேலைக்குப் பொருத்தமாகச் செய்தே உள்ளூர் வாடிக்கையைப் பிடித்தார்கள்.

விற்ற காசை உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்தாலும் போட்டு எடுங்கள். எவ்வளவு உழைத்தீர்கள் என்பது அப்போதுதான் உங்களுக்கும் வீட்டாருக்கும் கண்ணில் தெரியும்.

தொடங்க விரும்பும் சகோதரிகள் முதல் மாதத்தில் ஒரு கிலோ களிக்கு மேல் எடுக்க வேண்டாம். பன்னிரண்டு மாலைக்கான மணியை உருட்டி, காயவைத்து, கிட்டவுள்ள நான்கைந்து பேரோடு சேர்ந்து சுட்டுப் பாருங்கள். எத்தனை உடைந்தது, எவ்வளவு நேரம் சென்றது என்பதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கை இப்பகுதிக்கு எழுதி அனுப்பினால், பெயர் வெளியிடாமல் அடுத்த இதழ்களில் ஒன்றில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். உடைந்த மணிகளைப் பற்றியும் தவறாமல் எழுதுங்கள். அதிலிருந்துதான் மற்றச் சகோதரிகள் அதிகம் படித்துக்கொள்வார்கள்.